கேட்கும் உரிமையும் கேட்கத் தகாத வினாவும்

விண்ணப்பம் என்பது பணிந்து நிற்கும் சொல். கீழிருப்பார் மேலிருப்பார்க்குச் செய்துகொள்வது அது. மனு என்பதும் அத்தகையதே. தோட்டப்புறங்களில் குடிநீர்க் குழாய் வேண்டியும், பள்ளிக்கு இன்னுமோர் அறை வேண்டியும், இடுகாட்டுக்குப் பாதை வேண்டியும் எழுதப்பட்ட மனுக்களுக்கு அளவில்லை. அடியில் வரிசையாகக் கையொப்பங்கள். எழுதத் தெரியாதோரின் கைநாட்டுகள். அத்தாள் அதிகாரியின் மேசையை அடைந்தபின் அதன் விதி அவர் மனத்தைப் பொறுத்தது. அவர் இரங்கினால் குழாய் வரும். இல்லையேல் தாள் கோப்பில் துயிலும்.

இதே போன்ற தாளும் இதே போன்ற கையொப்பங்களும் முற்றிலும் வேறான ஆற்றலைப் பெறும் முறை ஒன்று சில நாடுகளில் உண்டு. ஓர் ஊரின் வாக்காளருள் சட்டம் குறித்த தொகையினர் ஒரு கோரிக்கையின்கீழ்க் கையொப்பமிட்டுவிட்டால், ஊராட்சி மன்றம் அதனைத் தானே சட்டமாக ஏற்க வேண்டும். அல்லது வாக்குச் சீட்டில் ஏற்ற வேண்டும். மன்றத்தினர்க்கு அக்கோரிக்கை பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனை வெறுப்பவராயினும் ஏற்றியே தீர வேண்டும். மனு இங்கே கட்டளையாகிறது. எனினும், 'இதனைச் செய்க' என்பதன்று அக்கட்டளை. 'இதனை ஊராரிடம் கேட்க' என்பதே.

ஊரார் முன் ஒரு வினாவை வைக்கும் உரிமை இவ்வாறு ஆளுவோரிடமிருந்து ஆளப்படுவோர்க்கு மாறுகிறது. இது பெரிய உரிமை என்பதில் ஐயமில்லை. ஆயின், எந்த வினாவையும் கேட்கலாமா? போதிய கையொப்பங்கள் சேர்ந்துவிட்டால் எதனையும் வாக்குக்கு விடலாமா? மக்களாட்சியில் பற்றுடையோரும் விடை சொல்லத் தயங்கும் கேள்வி இது.

மக்களாட்சி என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டிக் காட்டுதல் தமிழ் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. முதற் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த செய்தி போற்றத்தக்கதே. ஆனால் அக்குடத்தில் விழுந்தவை ஆட்களின் பெயர்கள். அவர்களும் நிலமும் மனையும் கல்வியும் உடையோராக இருத்தல் வேண்டும். ஊரின் எளியவன் ஒருவன் தன் குறையை ஓலையில் எழுதி அக்குடத்தில் இட வழியில்லை. பெருமை பேசுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. யார் ஆள்வது என்பது ஒரு வினா. எதனைப் பற்றி முடிவு செய்வது என்பது வேறொரு வினா. இரண்டாவதைப் பொதுமக்கள் கையில் ஒப்படைக்க உலகம் நெடுங்காலம் தயங்கியது.

சுவிட்சர்லாந்து 1874 இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மக்கள் வாக்குக்குக் கொணருமாறு கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. அரசியலமைப்பின் ஒரு பகுதியைத் தாமே திருத்த முனையும் உரிமை 1891 இல் வந்தது. இன்று முன்னதற்கு 100 நாள்களில் 50,000 கையொப்பங்களும், பின்னதற்கு 18 மாதங்களில் 100,000 கையொப்பங்களும் தேவை. 1977 வரை இத்தொகைகள் இவற்றிற் குறைவாக இருந்தன. 1971 இல்தான் அந்நாட்டுப் பெண்கள் கூட்டரசு அளவில் வாக்குரிமை பெற்றனர். வாக்காளர் தொகை பெருகவே, கையொப்பத் தொகையும் பின்னர் உயர்த்தப்பட்டது. மக்களைக் கேட்பதில் முன்னோடியான நாடு, மக்களுள் பாதிப் பேரைக் கேளாமலே நெடுங்காலம் இருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1959 இல் பெண்கள் வாக்குரிமை பற்றிய வினா வாக்குக்கு வந்தபோது ஆண்கள் மட்டுமே வாக்களித்தனர், பெரும்பான்மையோர் மறுத்துவிட்டனர்.

அமெரிக்க ஒன்றியத்தில் தெற்கு டக்கோட்டா 1898 இலும், ஓரிகன் 1902 இலும், கலிபோர்னியா 1911 இலும் இம்முறையை மேற்கொண்டன. ஊர் அளவில் இது நடைபெறும் விதம் அறிதற்குரியது. கலிபோர்னியாவில் பொதுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நகரம் ஒன்றில் புதிய விதி ஒன்றைக் கொணர விரும்புவோர், முதலில் அவ்விதியின் முழு வாசகத்தையும் தம் நோக்கத்தையும் எழுதி நகர எழுத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குத் தலைப்பும் சுருக்கமும் எழுதுபவர் நகர வழக்கறிஞர், கோரிக்கையாளர் அல்லர். தன் சரக்குக்குத் தானே பெயரிடும் வணிகன் மிகைபடக் கூறுவான் என்பதை அறிந்து வகுத்த ஏற்பாடு அது. பின்னர் 180 நாள்களுக்குள், பதிவு பெற்ற வாக்காளருள் 10 விழுக்காட்டினரின் கையொப்பம் பெற வேண்டும். நகர எழுத்தர் அக்கையொப்பங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். வேற்றூரார் ஒப்பமும், ஒருவரே இருமுறை இட்ட ஒப்பமும் கழிக்கப்படும். தொகை நிறைந்திருந்தால், மன்றம் ஓர் எழுத்தும் மாற்றாது அவ்விதியை ஏற்கலாம்; இல்லையேல் மக்கள் வாக்குக்கு விட வேண்டும்.

இவ்வேற்பாட்டில் கையொப்பத்தின் பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. கோரிக்கையில் ஒப்பமிடுபவர், 'இதற்கு நான் உடன்படுகிறேன்' என்று சொல்ல வேண்டுவதில்லை. 'இது கேட்கப்படத் தக்கது' என்று சொன்னால் போதும். தேர்தல் நாளில் அவரே எதிர்த்து வாக்களிக்கலாம். மாணவர் ஒருவர் வகுப்பில் எழுந்து வினா எழுப்புகையில், 'இவ்வினா வேண்டும்' எனப் பிறரும் சொல்வதைப் போன்றது அது. ஆகவே ஒப்பமிடுபவரின் பொறுப்பு சிறியதன்று. கடைத்தெருவில் நீட்டிய தாளில், படியாமலே பெயரெழுதிச் செல்பவர் ஊரின் நேரத்தையும் பணத்தையும் ஒரு வினாவுக்கு ஒதுக்குகிறார்.

அவ்வொப்பம் விலைப் பொருளாகவும் ஆகிவிட்டது. ஒப்பத்துக்கு இத்தனை என்று கூலி பெற்றுத் தாளோடு அலைவோர் அமெரிக்காவில் பலர். கொலராடோ மாநிலம் கூலிக்கு ஒப்பம் திரட்டுவதைத் தடை செய்திருந்தது. அது பேச்சுரிமைக்கு மாறானது என 1988 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் எளியோர் குரலுக்கென வகுத்த வழியில் செல்வர் தேர் ஓட்டுகின்றனர் என்னும் வருத்தத்தை அத்தீர்ப்பு தீர்க்கவில்லை.

இம்முறை நன்றாக நடைபெற்ற ஓர் ஊரின் கதை, வேறு பல வாதங்களினும் தெளிவு தருவது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் கலைக்கூடத்தில் பிக்காசோவின் இரு பெரிய ஓவியங்கள் இரவலாக இருந்தன. 1967 இல் அவற்றின் உரிமையாளரான குடும்பத்தின் வானூர்தி நிறுவனம், ஒரு விபத்துக்குப் பின் கடனில் மூழ்கியது. ஓவியங்களை விற்கும் நிலை வந்தது. விலை 84 இலட்சம் பிராங்கு. அதில் 60 இலட்சத்தைப் பொதுப் பணத்திலிருந்து தர மாநில மன்றம் முடிவு செய்தது. எஞ்சிய 24 இலட்சத்தை மக்களே திரட்ட வேண்டும். வண்ணம் பூசிய துணிக்கு வரிப்பணமா எனச் சினந்தவர்கள் கையொப்பம் திரட்டினர். தொகை நிறைந்தது. ஒரு நகரம் ஓவியம் வாங்கலாமா என்பது வாக்குச் சீட்டில் ஏறியது.

அதன்பின் நடந்ததுதான் வியப்பு. இளைஞரும் மாணவரும் தெருவில் இறங்கினர். 'இரவலர் விழா' என்று பெயரிட்டு, நகரம் முழுவதும் கையேந்திப் பணம் திரட்டியது. ஓவியக் கூடத்தின் படியை மிதித்திராதவரும் பிக்காசோவைப் பற்றி வழக்காடினர். 1967 திசம்பரில் 32,118 பேர் ஆம் என்றனர். 27,190 பேர் இல்லை என்றனர். அதற்கு முந்திய ஆண்டுதான் அம்மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமை கிட்டியிருந்தது. ஆதலின் அவர்களும் இதில் பங்கு கொண்டனர். செய்தியறிந்த பிக்காசோ மனம் நெகிழ்ந்து, மேலும் நான்கு படைப்புகளை அந்நகருக்கு அன்பளிப்பாகத் தந்தார்.

இக்கதையைச் சொல்வோர் வென்றவரையே பாராட்டுவர். எதிர்த்துக் கையொப்பம் திரட்டியவர்க்கும் பாதிப் பாராட்டு உரியது. அவர்கள் வாளாவிருந்திருந்தால், மன்றத்தின் தீர்மானம் ஒன்றால் இரு படங்கள் சுவரில் நிலைத்திருக்கும். நகரத்தார்க்கு அவை பற்றிய நினைவே இருந்திராது. தோற்ற பக்கத்தின் வினாவே வென்ற பக்கத்தைப் பேச வைத்தது. ஒரு கோரிக்கையின் பயன் வெற்றியில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது. மேலும், அந்நாளில் வாக்களித்தோர் தம் பணத்தைப் பற்றியே வாக்களித்தனர். ஆம் என்றவரும் இல்லை என்றவரும் ஒரே வரியைச் செலுத்தினர். முடிவின் சுமை முடிவு செய்தவர் தோளிலேயே விழுந்தது.

வினாவை வகுப்பவர் யார் என்பதும் இங்கே எண்ணத்தக்கது. சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் 1 இல் மலேசிய இணைப்பைப் பற்றி நடந்த வாக்கெடுப்பு, குடிமக்கள் கையொப்பத்தால் எழுந்ததன்று; அரசு நடத்தியது. சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் இணைப்பின் வகைகளே. இணைப்பு வேண்டா என்பார்க்கு இடமில்லை. எதிர்ப்பாளர் சிலர் வெற்றுச் சீட்டுகளை இடுமாறு மக்களை வேண்டினர். அரசு முன்வைத்த வழிக்குச் சுமார் 71 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சீட்டுகள் வெறுமையாகவே விழுந்தன. அவ்விணைப்பு நன்றா தீதா என்பது வேறு வழக்கு. வினாவை எழுதும் கையில் விடையின் பாதி இருக்கிறது என்பதே ஈண்டுக் கருத்து. மலேசியாவிலோ 1965 இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினர் நியமிக்கப்படுவோர் ஆயினர். குடிமக்கள் வினா எழுப்புதல் இருக்கட்டும், உறுப்பினரைத் தெரிந்தெடுத்தலே அங்கு வாய்க்கவில்லை.

இவ்வளவும் எண்ணுகையில், வினா எழுப்பும் உரிமையை எல்லையின்றி மக்களிடமே விட்டுவிடுதல் நன்று என்று தோன்றும். அவ்வாறு விட்ட ஊரொன்றின் கதையும் அதே சுவிட்சர்லாந்தில் உண்டு.

லூசெர்ன் நகரை அடுத்து எம்மன் என்னும் ஊர் இருக்கிறது. இரும்பாலையும் செயற்கை இழை ஆலையும் நடந்த ஊர். ஆலைகளுக்கு உழைப்பாளர் வேண்டியிருந்தது, பிற நாட்டார் வந்தனர், வந்தோர் தங்கினர், அவர்தம் பிள்ளைகள் அவ்வூர்ப் பள்ளிகளில் படித்து வளர்ந்தனர். பிறந்த மண்ணாலேயே குடியுரிமை கிட்டும் முறை அந்நாட்டில் இல்லை. விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஊரும் இசைய வேண்டும். குடியுரிமை கோருவோரை ஊரார் வாக்குக்கு விடுவதெனக் கோரும் முனைவு ஒன்று 1999 இல் எம்மனில் வென்றது. கையொப்பமும் முறைப்படி, வாக்கெடுப்பும் முறைப்படி.

2000 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 23 விண்ணப்பங்கள், 56 பேரைப் பற்றியவை, வாக்குக்கு வந்தன. இன்னார், இன்ன நாட்டிலிருந்து வந்தவர், இன்ன தொழில் செய்பவர் என்னும் குறிப்புகள் வீடுதோறும் சென்றன. ஊர் அதிகாரிகள் முன்னரே ஆய்ந்து தகுதியுடையோர் எனக் கண்டவர்களே அவர்கள். முடிவு வந்தபோது 4 விண்ணப்பங்கள் மட்டுமே ஏற்கப்பட்டிருந்தன. அவற்றில் அடங்கியோர் 8 பேர். அனைவரும் இத்தாலியர். மறுக்கப்பட்டோருள் பெரும்பாலோர் முன்னாள் யூகோசுலாவியாவைச் சேர்ந்தவர். 48 பேருக்கும் ஏன் மறுக்கப்பட்டோம் என்பதை எவரும் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது. வாக்குச் சீட்டில் ஆம், இல்லை என்னும் இரண்டுக்கே இடமுண்டு, காரணத்துக்கு இடமில்லை.

கமுக்க வாக்கு எளியவனுக்குக் காப்பு. பண்ணையாரும் முதலாளியும் தன் முடிவை அறியாதபடி அவனை அது மறைக்கிறது. எம்மனில் அதே திரை வேறு வேலை செய்தது. எளியோரைத் தீர்ப்பிட்டவர்களை அது மறைத்தது. தீர்ப்புக் கூறுவோர் முகம் காட்டிக் காரணம் உரைக்க வேண்டும் என்பது நீதியின் இயல்பு. முகமில்லாதோர் எத்துணைப் பேர் கூடினும் அது நீதிமன்றம் ஆகாது.

பண்டை ஏதென்சில் ஒருவரை வாக்கால் நாடு கடத்தும் வழக்கம் இருந்தது. அரிசுடைடிசு என்னும் நேர்மையாளர் கி.மு. 482 இல் அவ்வாறு வெளியேற்றப்பட்டார். எழுதத் தெரியாத ஒருவன், அவரை இன்னார் என்று அறியாமல், மட்கலச் சில்லை அவரிடமே நீட்டி, அரிசுடைடிசின் பெயரைப் பொறித்துத் தருமாறு கேட்டான் என்று புளூடார்க்கு எழுதுகிறார். அவர் உனக்குச் செய்த தீங்கு யாது என வினவ, ஒன்றுமில்லை, அவரை நேர்மையாளர் என எல்லோரும் சொல்வதைக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். அவர் தம் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். கதை உண்மையோ புனைவோ, ஆளைப் பற்றிய வினாவை ஊர் முன் வைத்தால் எத்தகைய விடை வரக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

ஜெனீவாவிற் பிறந்த ரூசோ இதனைக் கோட்பாடாகவே வகுத்திருந்தார். மக்கள் நேரே சட்டம் இயற்ற வேண்டும் என 1762 இல் வாதிட்டவர் அவர். மக்கள் விருப்பத்தை அவரினும் உயர்த்திப் பேசியவர் சிலரே. அவரே ஓர் எல்லையும் இட்டார். பொது விருப்பம் என்பது எல்லாரிடமிருந்தும் எழுந்து எல்லார்மேலும் படிய வேண்டும். ஒரு தனி மனிதனையோ தனிச் செயலையோ நோக்கித் திரும்பினால், அது தன் இயல்பை இழந்துவிடும் என்பது அவர் கருத்து. பாசல் மக்கள் தம்மைப் பற்றி முடிவு செய்தனர். எம்மன் மக்கள் பிறரைப் பற்றி முடிவு செய்தனர். வாக்களித்தோர் எவரும் அம்முடிவின் சுமையைத் தாங்கவில்லை. தாங்கியோர் எவர்க்கும் வாக்கில்லை.

எம்மனை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஆக்ரன் நகர மன்றம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற வேற்றுமை கூடாதென 1964 இல் விதி செய்தது. வாக்காளருள் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு ஒரு மாற்றத்தை வாக்குக்குக் கொணர்ந்தனர். வீடுகள் பற்றிய அத்தகைய விதி எதுவும் இனி ஊரார் வாக்கில் வென்றால்தான் செல்லும் என்பது அதன் சாரம். அது நிறைவேறியது. வேறெந்த விதிக்கும் இல்லாத தடை கறுப்பினத்தார் பாதுகாப்புக்கு மட்டும் வந்தது. 1969 இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது.

இவ்வழக்குகளைத் தமிழ் மாணவர் தொலைவில் நின்று படிக்க இயலாது. 1948 இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழரை நாடற்றோர் ஆக்கியது. அதுவும் பெரும்பான்மையின் வாக்கால் ஆனதே. மலேசியத் தோட்டப்புறங்களில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர், 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேலை உரிமம் தேடி அலைந்ததும், பலர் கப்பலேறியதும் வீடுதோறும் பேசப்பட்ட செய்திகள். ஒருவன் ஓர் ஊருக்கு உரியவனா என்னும் வினாவைப் பிறர் கூடி எண்ணிக்கையால் தீர்ப்பது எத்தகையது என்பதை அம்மக்கள் நூலிற் படித்து அறிய வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் 1983 க்குப் பின் சுவிட்சர்லாந்திற் புகலடைந்து வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளின் விண்ணப்பங்களும் அந்நாட்டு ஊர்களின் முன்பே செல்கின்றன.

எனினும், இதனைக் காட்டி மக்களைக் கேட்கவே கூடாது என வாதிடுவோரும் உண்டு. மக்கள் அறியாதார், ஆளுவோர் அறிந்தோர் என்பது அவர் துணிபு. அது பழைய மனுவின் காலத்துக்கே மீள்வதாகும். எம்மனின் பின்கதை அவர்களுக்கு விடை தருகிறது. 2003 சூலை 9 இல் சுவிசுக் கூட்டரசு நீதிமன்றம், அவ்வூரில் நடந்த மறுப்புகள் பாகுபாடானவை என்று தள்ளியது. காரணம் கூற வேண்டிய முடிவை வாக்குப் பெட்டியால் எடுத்தல் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றும் அன்றே வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை விரும்பாதோர் வாளாவிருக்கவில்லை. ஊரார் வாக்கால் குடியுரிமையைத் தீர்மானிக்கும் உரிமையை அரசியலமைப்பிலேயே பொறிக்க வேண்டும் என ஒரு கட்சி முனைந்தது. நூறாயிரம் கையொப்பங்களுக்கு மேல் திரண்டன. 2008 சூன் 1 இல் நாடு முழுவதும் வாக்களித்தது. சுமார் 64 விழுக்காட்டினர் இல்லை என்றனர். தம் கைக்கு வரவிருந்த அதிகாரத்தை மக்களே வாக்களித்து மறுத்தனர்.

2009 தொடக்கத்தில் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பேரவையில் விண்ணப்பத்தை வைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்றும் இருக்கிறது. அங்கே ஒருவர் விண்ணப்பத்தை மறுக்க வேண்டுமாயின், மறுக்கும் தீர்மானத்தை யாரேனும் எழுந்து முன்மொழிய வேண்டும். அதற்குரிய காரணத்தையும் அவர் பேரவை கேட்கச் சொல்ல வேண்டும்.